கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடலோரத்தைப் பாதுகாத்த படைகளின் பேட்ச்களை (யூனிஃபார்மில் தைக்கும் துணிச் சின்னங்களை) சேகரிக்க முடியுமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாராளமாக முடியும். நானும் இதே ஊர்தான், பல வருடமாகச் சேகரிக்கிறேன். ஆனால் எடுத்தவுடன் வெளிநாட்டுக் கடலோரப் பீரங்கிப் படைகளின் பேட்ச்களுக்குப் போகாதீர்கள். அமெரிக்கக் கடலோரப் பீரங்கிப் படையை 1950இலும் பிரிட்டனுடையதை 1956இலும் கலைத்துவிட்டார்கள். அசல் இனி புதிதாக வரப்போவதில்லை, போலி மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

நம் கரைக்காக நிறுத்திய படைகளில் தொடங்குங்கள். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. சென்னையில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த ஆகஸ்டில், நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரில் 25ஆவது இந்திய டிவிஷன் என்ற தரைப்படைப் பிரிவு உருவானது. ஜப்பான்காரன் தென்னிந்தியாவில் இறங்கினால் தடுப்பதுதான் அதற்கு முதலில் கொடுத்த வேலை. அதன் பேட்ச், தோளில் பச்சைத் துணி, நடுவில் சீட்டுக்கட்டில் வரும் கறுப்பு இஸ்பேட் ஏஸ். அப்புறம்தான் பர்மாவில் அரக்கான் சண்டைக்குப் போனார்கள். என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது அந்த பேட்ச்தான்.

சரி, போலி விஷயம். முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் பேட்ச்சைத் திருப்புங்கள். யூனிஃபார்மில் இருந்து பிரித்த பேட்ச் என்றால் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், சில துளைகளில் காக்கி நூல் துணுக்கும் சிக்கியிருக்கும். மடித்துத் தைத்த ஓரத்துக்குள் சாயம் வெளுக்காமல் இருக்கும், வெயில் பட்ட இடம் மட்டும் மங்கியிருக்கும். டீத்தூள் தண்ணீரில் முக்கிப் பழசாக்கியதில் கறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். விளிம்பில் கயிறு போலத் தடித்த ஓவர்லாக் தையல் இருந்தால் பெரும்பாலும் அது போருக்குப் பிந்தையது. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கையும் அடித்துப் பாருங்கள். பிந்தைய கால நூல் பளீரென்று ஒளிரும். ஆனால் இப்போதைய சோப்புத்தூளில் துவைத்த அசலும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மிலிட்டரிக்காரர் வீடுகளுக்குக் குறைவில்லை. பழைய டிரங்குப் பெட்டியில் ஏதாவது கிடைத்தால் உடனே விலை பேசாதீர்கள். யாருடையது, எந்தப் படை, எங்கே இருந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பேட்ச் சட்டையிலேயே தைத்திருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், சட்டையோடு அப்படியே இருக்கட்டும்.