கிட்னி மாற்றிய பிறகு யூரின் பாதையில் வரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

தவளக்குப்பம்: சார், வீட்டுக்காரருக்கு கிட்னி மாற்றி 6 நாள். டிரெயின் பையில் (ஆபரேஷன் இடத்து நீர் வடியும் பை) நேற்று 80 மில்லி, இன்று 400. யூரின் பையில் குறைந்துவிட்டது. நிணநீராக இருக்கும் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்று ஏற, இன்னொன்று இறங்குகிறது அம்மா. அதைத்தான் கவனிக்க வேண்டும். முதலில் யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டிரெயின் நீரிலும் ரத்தத்திலும் ஒரே வேளையில் கிரியேட்டினின் (கிட்னி யூரினில் வெளியேற்றும் கழிவு) பார்க்க வேண்டும். நிணநீர் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ரத்தத்தில் 1.8, டிரெயினில் 25 என்று வந்தால் கசிவது யூரின்தான்.

பெரும்பாலும், கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு யூரினைக் கொண்டுவரும் குழாயின் கீழ்முனையில்தான் கசியும். பிறவிக் குழாய்க்கு வழிநெடுகப் பல இடத்திலிருந்து ரத்தம் வருகிறது. தானமாக வந்த குழாய்க்கு மேலே கிட்னியின் ரத்தக்குழாயிலிருந்து இறங்கும் சின்னக் கிளைகள் மட்டுமே. வாய்க்காலின் கடைமடை மாதிரி, நுனிதான் முதலில் காயும். சிறுநீர்ப்பையில் தைத்திருப்பதும் அந்த நுனியைத்தான். சின்னக் கசிவென்றால் அந்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் (வழி திறந்திருக்க வைக்கும் மெல்லிய டியூப்) இருக்க, யூரின் டியூபை எடுக்காமல் சில வாரம் வைத்தால் பல நேரம் தானே மூடும். நுனி கறுத்துச் செத்திருந்தால் காத்திருந்து பயனில்லை; திறந்து, கறுத்ததை வெட்டி, மறுபடி தைக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் அவருடைய சொந்தக் குழாயையே புதுக் கிட்னியோடு இணைப்பார்கள்.

நெல்லிக்குப்பம்: ஸ்டென்ட் எடுக்கச் சொன்ன தேதி தாண்டி 2 மாதம் ஆகிறது. வலி ஒன்றும் இல்லை. கரும்பு வெட்டு முடிந்ததும் போகலாமா?

வேண்டாம் தம்பி, இந்த வாரமே போங்கள். வழக்கமாக 2 முதல் 6 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டிய பொருள் அது. நாள் போகப் போக அதன்மேல் உப்புப் படியும். பானை அடியில் வெள்ளை படிகிற மாதிரி. சிறுநீர்ப்பைக்குள் சுருண்டிருக்கும் முனையில் கல்லே கட்டிவிடும். அப்புறம் இழுத்தால் வராது, கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கிருமிக்கும் அது நல்ல குடியிருப்பு. உரிய நேரத்தில் போனால் மரப்பு ஜெல் போட்டு, மெல்லிய ஸ்கோப் விட்டு, சில நிமிடத்தில் எடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். எடுத்த பிறகு கிரியேட்டினினும் ஸ்கேனும் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். யூரின் குழாயில் சுருக்கம் இருந்தாலும் ஸ்டென்ட் இருக்கும்வரை அது வெளியே தெரியாது.

வில்லியனூர்: அப்பாவுக்கு ஆபரேஷனாகி 5 மாதம். கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.9. வலியே இல்லை. ரிஜெக்‌ஷனா?

உடம்பு புதுக் கிட்னியை எதிர்ப்பதாக இருக்கலாம், ஆனால் வலி இல்லை என்பதை வைத்து யூரின் குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாற்றிய கிட்னியின் நரம்புகள் துண்டிக்கப்பட்டவை, வீங்கினாலும் கல்லடைப்பு மாதிரி துடிக்காது. முதலில் ஸ்கேன் எடுங்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு எடுத்த ஸ்கேனில் லேசான வீக்கம் தெரிந்தால், யூரின் போனபின் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (உடம்பு கிட்னியை எதிர்க்காமல் தடுக்கும் மருந்து) அளவும் பார்த்துவிடலாம். காலை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுக் கொடுத்தால் அந்த ரிப்போர்ட் வீண்.

வீக்கம் நிஜமென்றால், வயிற்றின் முன்பக்கமாகக் கிட்னிக்குள் ஊசி வழி டியூப் வைப்பார்கள். புதுக் கிட்னி அடிவயிற்றில்தானே இருக்கிறது. அதன் வழியே மருந்து செலுத்திப் படம் எடுத்தால் சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்று தெரியும். குட்டையான சுருக்கத்தை பலூன் வைத்து விரிக்கலாம். நீளமானதற்கு ஆபரேஷன்தான் நிலைக்கும். மாற்றிய கிட்னியைத் தாக்கும் பி.கே. வைரஸும் குழாயைச் சுருக்கும், அந்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

பண்ருட்டி: கிட்னி வைத்த பக்கத்துக் கால் மட்டும் வீங்குகிறது. 7 வாரம் ஆகிறது.

நிணநீர் தேங்கிக் கட்டி மாதிரி அழுத்தலாம், கால் ரத்தநாளத்தில் உறைவும் இருக்கலாம். இரண்டாவது ஆபத்து, ஆகவே இன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டம் பார்ப்பது). நிணநீர்தான் என்றால் ஊசியால் உறிஞ்சுவதோடு நிற்காது, திரும்ப ஊறும். டியூப் வைத்து வடிப்பார்கள், இல்லாவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) வயிற்றறைக்குள் வழி திறந்துவிடுவார்கள். (பலாப்பழம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: பொட்டாசியம் ரிப்போர்ட் பார்க்காமல் ஒரு சுளைகூட வேண்டாம்.)

கடலூர் முதுநகர்: அரை மணிக்கொரு தடவை யூரின் போகிறது. 4 வருடம் டயாலிசிஸில் இருந்தேன்.

வேலையில்லாமல் சுருங்கிய பை, மெல்ல விரியும். ஆனால் காய்ச்சல், கலங்கல், நாற்றம் இருந்தால் யூரின் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) கொடுங்கள். நீர்க்கடுப்பென்று மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்: கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி ரத்தத்தில் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.