இத்தாலியக் கடற்கரைக்குப் போனால் எந்தச் சொற்றொடர்கள் கைகொடுக்கும்?

ரிமினி போன்ற ஊர்களில் கடற்கரையின் பெரும்பகுதி கட்டணப் பகுதிதான். அதனால் முதலில் விலையைக் கேளுங்கள்: "குவாந்தோ கோஸ்தானோ உன் ஒம்ப்ரெல்லோனே எ தூவே லெத்தீனி?" ஒரு குடையும் இரண்டு சாய்வுப் படுக்கையும் எவ்வளவு என்று அர்த்தம். "பிரீமா ஃபீலா" என்றால் கடலைப் பார்த்த முதல் வரிசை. வாடகை கூடுதலாக இருக்கும். செலவு வேண்டாமா? "தொவே லா ஸ்பியாஜ்ஜா லீபெரா?" என்று இலவசக் கடற்கரைக்கு வழி கேட்கலாம். பேச்சைத் தொடங்கும்போது "புவோன்ஜோர்னோ" சொல்வது அங்கே அடிப்படை மரியாதை.

அப்புறம், பாதுகாப்புச் சொற்களை இவற்றுக்கும் முன்பாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள். "பந்தியேரா ரோஸ்ஸா" என்பது சிவப்புக் கொடி. அது பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. "மெதூசா!" என்று யாராவது கத்தினால் ஜெல்லிமீன், உடனே கரையேறுங்கள். உயிர்காப்பாளர் "பன்யீனோ". உதவிக்கு "அயூத்தோ!"