வாசகர் கேள்வி பதில்: டொவ்ஷென்கோவின் ‘மண்’

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் உக்ரேனிய இயக்குநர் ஒலெக்சாண்டர் டொவ்ஷென்கோவின் ‘மண்’ (1930) படத்தைக் காட்டினோம். ஆட்கள் விறுவிறென்று ஓடித் திரிந்தார்கள்; முகங்களும் அகன்று தெரிந்தன. பொடியன்மார் சிரித்துவிட்டார்கள். படத்திலா பிழை?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: படத்தில் பிழையில்லை, ஓட்டிய வேகத்தில்தான். பேசாப் படங்களுக்கு ஒரே வேகம் இருக்கவில்லை. செக்கனுக்கு 16 முதல் 24 சட்டங்கள் (பிரேம்கள்) வரை ஓடின. 18இல் ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால் 100 நிமிடப் படம் 75இல் முடிந்துவிடும். முதலில் ஆட்கள் நடக்கும் ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். கால்கள் துள்ளினால் மட்டும் கணினியில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். அப்போது பின்னணி இசையும் இழுபடும், சத்தத்தை நிறுத்திவிடலாம். முகம் அகலுவது வேறு விசயம்: புறொஜெக்டரின் அகல-உயர விகிதம் 16:9இல் நிற்கிறது, 4:3க்கு மாற்றுங்கள். திரையின் இரு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இடையில் வரும் எழுத்துகளை ஒருவர் பின்னாலிருந்து தமிழில் ஒருமுறை வாசித்தால் போதும். பின்னணிக்கு மத்தளம் வைப்பதென்றால் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். நிலவொளியில் கதாநாயகன் வசில் தனியே வீடு திரும்பும் காட்சி வரும். மெல்ல ஆடத் தொடங்குவான், காலடியில் புழுதி எழும்பும், திடீரென்று விழுவான். அந்தக் கணத்தில் மத்தளம் நின்றுவிட வேண்டும்.

கேள்வி: கமக்காரரின் படத்தை ஏன் தடுத்தார்கள்?
வாசகர், வெல்லாவெளி

பதில்: கூட்டுப்பண்ணைக்கு வரும் உழவு மெசின் பணக்காரரின் வரம்பை உழுகிறது, அதை ஓட்டிய வசில் சுடப்படுகிறான். சோவியத் அரசு விரும்பிய கதைதான். ஆனால் டொவ்ஷென்கோவின் கண் பழங்களுக்கு நடுவே அமைதியாகச் சாகும் கிழவரிலும், பாடையில் போகும் வசிலின் முகத்தைத் தடவும் ஆப்பிள் கிளையிலும், கடைசி மழையிலும் நின்றுவிட்டது. வெள்ளாமை செய்கிறவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மொஸ்கோவின் ‘இஸ்வெஸ்தியா’ பத்திரிகையில் கவிஞர் தெம்யான் பெட்னி கடுமையாகத் தாக்கினார். உழவு மெசினின் தண்ணீர் வற்றிய றேடியேற்றருக்குள் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் காட்சியை வெட்டினார்கள். அதை வெட்டிய பிரதியில் நின்றுபோன மெசின் எப்படி மறுபடி ஓடியது என்று விளங்காது; வாங்கும்போது இதைப் பாருங்கள். மூல நெகட்டிவ் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. 1958இல் பிரசெல்ஸில் தெரிவான உலகின் 12 சிறந்த படங்களில் இதுவும் ஒன்று.

கேள்வி: அவருக்குப் பிறகு?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: டொவ்ஷென்கோ 1956இல் காலமானார். அவர் எழுதி வைத்தவற்றை மனைவி யூலியா சொல்ன்ட்சேவா படமாக்கினார். அவற்றில் ஒன்றுக்காக 1961இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ‘மண்’ படத்தில் வசிலின் சகோதரியாக வருவதும் அவரே.