பாரிமுனைப் பக்கத்துப் பழைய ஆபீஸ் கட்டிடங்கள்: கேள்வி பதில்

தம்பு செட்டி தெருவிலிருந்து: சார், எங்க வக்கீல் ஆபீஸ் தரையும் ஒரு மாடியும். மொட்டைமாடி மெட்ராஸ் டெரஸ். அதுமேல இன்னொரு மாடி எடுத்து ரெக்கார்ட் ரூம் போடலாம்ங்கிறார் மேஸ்திரி. தாங்குமா?

அந்தத் தளத்தின் மேல் நேராக ஏற்றவே கூடாது. தேக்குக் கட்டைகள், அதன்மேல் சுண்ணாம்பில் நிறுத்திக் கோர்த்த செங்கல், செங்கல் ஜல்லி, கடைசியாகத் தட்டோடு: இதுதான் உங்கள் தளம். கட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் உளுக்கும், அதுவும் மழைநீர்க் குழாய் இறங்கும் பக்கம் முதலில். அங்கே பூச்சைப் பெயர்த்து ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். கையழுத்தத்திலேயே உள்ளே இறங்கினால் முனை போய்விட்டது என்று பொருள். முட்டுக் கொடுத்துவிட்டு உளுத்ததை வெட்டியெடுத்து, இரு பக்கமும் ஸ்டீல் சேனல் வைத்து 12 மி.மீ. போல்ட்டால் இறுக்கலாம். சேனல் சுவரில் உட்காரும் இடத்தில் கான்கிரீட் கட்டை தேவை. இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சுவர் அந்த இடத்தில் நசுங்கும்.

ஒழுகியபோதெல்லாம் யாராவது மேலே கான்கிரீட் போட்டிருப்பார்கள். 10 செ.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 கிலோ. ஆபீஸ் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் பளுவே 250 முதல் 400 கிலோதான். முதலில் அதை உளி, சுத்தியலால் இறக்குங்கள். பிரேக்கர் (உடைக்கும் மெஷின்) வேண்டாம், அதிர்வில் செங்கல் பிடிப்பு விட்டுவிடும்.

மாடி வேண்டும் என்றால் சுவரை நம்பாமல் தனி அஸ்திவாரத்தில் ஸ்டீல் தூண்கள்தான் வழி. குழி தோண்டி, பழைய அஸ்திவாரம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள். அதைவிட ஆழமாகத் தோண்ட நேர்ந்தால் ஒரு மீட்டர் நீளம் மட்டும் தோண்டி, அங்கே போட்ட கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்த துண்டு. ஊற்று நீரை வேகமாக மோட்டார் வைத்து இறைத்தால் மணலும் சேர்ந்து வரும், பக்கத்துக் கட்டிடம் விரிசல் விடும். ஃபைல் அறைக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ கணக்கு, அது மாடியில் வேண்டாம். தரைத்தளத்திலேயே வெள்ளம் ஏறாத உயரத்துக்கு மேடை கட்டி வையுங்கள்.

ராயபுரத்திலிருந்து: கான்கிரீட் தூண்ல நெடுக்க விரிசல். ரெண்டு தடவை பூசியாச்சு, திரும்பவும் வருது.

கம்பியின் போக்கிலேயே விரிசல் ஓடினால் உள்ளே துரு. பூச்சால் தீராது. கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்த உடனே, புது முகத்தில் பினால்ஃப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் சோதனைத் திரவம்) தெளியுங்கள். நிறம் மாறாத ஆழம் வரை, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது. ஆனால் இளஞ்சிவப்பு வந்தாலும் நிம்மதி வேண்டாம்: கடலோரத்தில் உப்பு புகுந்திருந்தால் அந்தச் சிவப்புக்குள்ளேயே கம்பி துருப்பிடிக்கும். குளோரைடு சோதனை தனியாகச் செய்யுங்கள்.

பழுது பார்க்கும்போது கம்பியின் முன்பக்கத்தை மட்டும் கொத்துவதுதான் வழக்கமான தப்பு. கம்பிக்குப் பின்னாலும் 20–25 மி.மீ. எடுத்து, பளபளப்பு வரும்வரை தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்ட வேண்டும். ஜாக்கெட் (தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும்) போட்டால் கனம் 100 மி.மீ.க்குக் குறையாமல். அதன் கம்பி தளத்தைத் துளைத்து அடுத்த மாடிக்கும் போகட்டும், பீமுக்கு அடியில் நின்றுவிட்டால் பாதிப் பயன்தான். வேலைக்கு முன் பீமுக்கு முட்டு அவசியம்.

மண்ணடியிலிருந்து: சுவர்ல உப்பு பூக்குது, பெயின்ட் உதிருது.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருப்பீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளுகிறது. ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் ஒரு மீட்டர் வரை பெயர்த்து, உலரவிட்டு, 1:3 சுண்ணாம்பு மணல் கலவை பூசி வெள்ளையடியுங்கள். புட்டி, எமல்ஷன் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து: க்யூரிங்குக்கு (புதுக் கான்கிரீட்டை நனைச்சு வைக்க) போர் தண்ணி போதுமா?

லேபில் கொடுத்துக் குளோரைடு பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரைதான் ஏற்பு. நாக்கில் கரித்தால் சோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் லாரித் தண்ணீர் வாங்குங்கள், அதையும் சோதித்துவிட்டு.

ராஜாஜி சாலையிலிருந்து: பின்னாடி காலி இடத்தில் நாலு மாடி சேர்க்கிறோம். பழைய கட்டிடத்தோட கம்பி போட்டு இணைச்சிடலாமா?

வேண்டாம். புதுக் கட்டிடம் பளுவில் மண்ணில் கொஞ்சம் இறங்கும், பழசு இறங்கி முடித்தது. இணைத்தால் விரிசல் அந்தச் சந்தில்தான். சென்னை நிலநடுக்க மண்டலம் 3. குலுங்கும்போது இரண்டும் மோதாமலிருக்க நான்கு மாடிக்கு 75–80 மி.மீ. இடைவெளி விட்டு, தர்மாகோலால் அடைக்காமல் காலியாக வைத்து, ஒரு பக்கம் மட்டும் பிடித்த ஸ்டீல் தகட்டால் மூடுங்கள். குழாய், வயர் அந்த இடத்தில் வளையும்படி ஃப்ளெக்ஸிபிள் இணைப்பு.