கிரேடு 4 முடித்த மகள் தாளத்தில் ஓடுகிறாள். தியரி பேக்கேஜில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நாலாம் வகுப்பிலிருந்து கீபோர்டு கற்கிறாள். லண்டன் டிரினிட்டி வாரியத்தின் இசைத் தேர்வில் கிரேடு 4 நல்ல மதிப்பெண்ணில் முடித்துவிட்டாள். ஆனால் பள்ளி இசைக்குழுவில் எல்லோருக்கும் முன்னால் ஓடிவிடுகிறாள், மற்றவர்களைக் கேட்டு ஒட்டி வாசிக்கத் தெரியவில்லை என்று பள்ளி ஆசிரியை சொல்கிறார். கீபோர்டு சென்டரில் கேட்டால், "தியரி வீக். ஒன்று முதல் ஐந்து வரை தியரி பேக்கேஜ் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் கிரேடு 6 எழுதவே முடியாது" என்கிறார்கள். தொகை பெரியது. எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. கட்டலாமா?
- ஒரு தாய், கரூர்

கட்டாதீர்கள் அம்மா. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

உங்கள் மகளுக்குக் குறை தாளத்திலும் காதிலும். தியரி வகுப்பு சொல்லித் தருவது தாளில் எழுதுவதை. குரோச்செட் என்ற சுரக்குறிக்கு ஒரு எண்ணிக்கை, மினிம் என்ற குறிக்கு இரண்டு என்பதெல்லாம் அவளுக்கு இப்போதே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஓடுகிறாள் என்பதுதானே பிரச்சினை? அதே விஷயத்தை இன்னொரு முறை காசு கட்டிப் படித்தால் ஓட்டம் எப்படி நிற்கும்?

முதலில் ஒன்று செய்யுங்கள். அவள் வீட்டில் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கீபோர்டுக்குள்ளிருந்து டிரம்ஸும் பேஸும் தானாக ஓடிக்கொண்டிருக்கின்றனவா? அதற்கு ஸ்டைல் என்று பெயர். அதை நிறுத்திவிட்டு அதே பாடலை வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எட்டு பத்து வினாடியிலேயே வேகம் கூடிவிடும். இத்தனை வருடமும் தாளம் வைத்தது மெஷின். இவள் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். பள்ளிக் குழுவில் அந்தத் தோள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். கீபோர்டுத் தேர்வில் ஸ்டைல் போட்டு வாசிப்பது விதிப்படி சரிதான், அதைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியும் முழுக்க அதிலேயே நடப்பதுதான் தப்பு.

"கிரேடு 4 வரை எப்படித் தேறினாள்?" என்று கேட்பீர்கள். டிரினிட்டியில் மொத்தம் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. பாடல்களுக்கும் டெக்னிக்கல் என்ற விரல் பயிற்சிப் பகுதிக்கும் சேர்த்தே 80 போய்விடுகிறது. மிச்சம் 20, பத்துப் பத்தாக இரண்டு துணைத் தேர்வுக்கு. பார்த்து வாசிப்பது, கேட்டுச் சொல்வது, கற்பனையாக வாசிப்பது, இசை பற்றிய கேள்வி என்ற நாலில் இரண்டை ஐந்தாம் கிரேடு வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் பார்த்த சென்டர்களில் பாதிக்கு மேல் கேட்டல் தேர்வின் பக்கமே போவதில்லை. சொல்லித்தர நேரம் பிடிக்கும், மார்க் குறையும். ஆக, காதை யாருமே சோதிக்காமல் நாலு கிரேடு தாண்டலாம். மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள், எந்த இரண்டு என்று அதில் இருக்கும்.

இனி வீட்டுச் சோதனை. இதற்கு உங்களுக்கு இசை தெரிய வேண்டியதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகத்தில், மூன்றன் நடையில், அதாவது திசிரத்தில், 55 வினாடியில் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே இருக்கிறது. மகளை அதை இடைவெளி விடாமல் மூன்று தடவை பாடச் சொல்லுங்கள். வாத்தியம் வேண்டாம், பாட்டும் போட வேண்டாம். ஒவ்வொரு தடவைக்கும் போனில் நேரம் குறியுங்கள். முதல் தடவை சரியாக 55 வர வேண்டும் என்பதில்லை. 57 வரட்டும், அடுத்த இரண்டும் அதை ஒட்டி வந்தால் போதும். 57, 53, 48 என்று இறங்கினால் ஓடுகிறாள் என்று பொருள். வாரம் ஒரு முறை இதைச் செய்து தேதி போட்டு எழுதி வையுங்கள். சென்டர்காரர் சொல்லும் முன்னேற்றத்தைவிட இந்தக் காகிதம் நம்பகமானது.

அப்புறம் பயிற்சி. கீபோர்டை மூடி வைத்துவிட்டு வாயும் கையும் மட்டும். சீராக டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து ஆதி தாளம் போடட்டும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு (கையைத் திருப்புவது), தட்டி வீச்சு. எட்டு எண்ணிக்கை, எட்டு வினாடி. மேற்கத்திய இசை படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். விரல் எண்ணிக்கையில் சத்தம் இல்லாத இடத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவசரப்படும் பிள்ளைகள் ஓடுவது பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான். இரண்டு எண்ணிக்கை நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றரையில் கிளம்பிவிடுவார்கள். விரல் வைத்துப் பழகியவர்களுக்கு மோதிரவிரல் இன்னும் வரவில்லையே என்று கைக்கே தெரியும்.

கை இப்படிப் போகும்போது வாய், ஒரு எண்ணிக்கைக்கு "தா" என்று ஒன்று சொல்லட்டும். அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், "தக" என்று இரண்டு, அதற்கடுத்து "தகதிமி" என்று நாலு. பிறகு திரும்ப இரண்டு, ஒன்று. ஏறும்போது எல்லோரும் சரியாகவே ஏறுவார்கள். நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போதுதான் கை கூடவே ஓடும். அந்த இறக்கத்தைக் கவனியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அது நின்ற பிறகு "தகிட" என்று மூன்று. ஒரு வாரம் போனதும் மெட்ரோனோமின் ஒலியை ஒரு ஆவர்த்தனம் முழுக்கக் குறைத்துவிட்டுத் திரும்பக் கூட்டுங்கள். அவள் தட்டும் மெஷினின் டிக்கும் ஒன்றாக விழ வேண்டும். விழாதபோது "நீ முந்திட்டே" என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவளே கேட்டுச் சொல்லட்டும், அதுதான் காதுப் பயிற்சி.

தியரி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயில் வந்த பிறகு தாளில் வரட்டும் என்கிறேன். மூன்று-நாலு (3/4), ஆறு-எட்டு (6/8) என்ற இரண்டு தாளக் குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, ஆறு குவேவர்தான் (குவேவர் என்பது குரோச்செட்டில் பாதி). ஒன்று சிம்பிள், மற்றது காம்பவுண்ட் என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். தட்டிக் காட்டு என்றால் விழிப்பார்கள். "தக தக தக" என்று சொன்னால் முதலாவது, "தகிட தகிட" என்று சொன்னால் இரண்டாவது. மொத்தம் அதே ஆறுதான், அழுத்தம் விழும் இடம்தான் வேறு. வாயால் சொன்னவளுக்கு இது அரை மணி நேரப் பாடம். பேக்கேஜில் இதற்கு ஒரு மாதம்.

இன்னொரு பொத்தானும் இருக்கிறது: டிரான்ஸ்போஸ். எந்தப் பாட்டையும் சி என்ற சுருதியின் கட்டைகளிலேயே வாசித்துவிட்டு அந்தப் பொத்தானால் சுருதியை ஏற்றுவது பல வகுப்புகளில் வழக்கம். விரல் ஒரு சுரத்தில் இருக்க, காதில் விழுவது வேறு சுரம். காது எப்படிப் பழகும்? அதைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் சுருதிப்பெட்டி செயலியைப் போட்டு ச, ப இரண்டையும் முதலில் பாடிவிட்டு, பிறகு கீபோர்டில் தேடி எடுக்கட்டும். பாடாமல் தேடக்கூடாது.

சரி, "கிரேடு 5 தியரி இல்லாமல் கிரேடு 6 எழுதவே முடியாது" என்ற மிரட்டலுக்கு வருவோம். இது அரை உண்மை. இந்த அரை உண்மையில்தான் பல சென்டர்களின் வாடகை ஓடுகிறது. லண்டனைச் சேர்ந்த இரண்டு வாரியங்கள் இங்கே பிரபலம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடும் அதற்கு மேலும் எழுத ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்களே ஏற்கும் வேறொரு தேர்வு வேண்டும். டிரினிட்டியில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. உங்கள் மகள் எழுதுவது டிரினிட்டி. அவளுக்கு அந்த விதி பொருந்தாது. ஒரு வாரியத்தின் விதியைச் சொல்லி இன்னொரு வாரியத்தின் பிள்ளையிடம் காசு வாங்கப் பார்க்கிறார்கள்.

நாளை அவள் பியானோவுக்கு மாறி ஏபிஆர்எஸ்எம் பக்கம் போனால்? அப்போது தியரி தேவைதான். அப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுத வேண்டியதில்லை, நேராக ஐந்தாம் கிரேடு எழுதலாம். அது இப்போது ஆன்லைன் தேர்வு. 75-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போடுகிற பிள்ளை ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்துவிடலாம். பெற்றோரே நேரடியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்பதெல்லாம் சென்டர் போட்டுக்கொள்வது. ரசீது கேளுங்கள். "லண்டன் சர்டிபிகேட் இருந்தால் இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் இசைச் சான்றிதழுக்கு மதிப்பெண் கிடையாது.

இவ்வளவும் ஏன் தனியார் சென்டரில் போய்த் தேட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. தாளமும் கேட்டலும் பள்ளியில், கூட்டத்தோடு கற்க வேண்டியவை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் இசைப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். அரசுப் பள்ளியில் இசை ஆசிரியர் இருந்தாலே அதிசயம், இருந்தாலும் பகுதிநேரம். சிபிஎஸ்இ பாடப்பட்டியலில் கர்நாடக இசை விருப்பப் பாடமாக இருக்கிறது. எத்தனை பள்ளிகள் நடத்துகின்றன என்று விசாரித்துப் பாருங்கள். ஆண்டு விழாவுக்குப் பென்டிரைவ் பாட்டு போதும் என்று நினைக்கிறார்கள். உங்கள் பள்ளியில் குழு இருக்கிறது, "கேட்டு ஒட்டத் தெரியவில்லை" என்று சரியாகச் சொல்லும் ஆசிரியையும் இருக்கிறார். அவரிடம் பேசி, மகளை ஒரு மாதம் கீபோர்டு இல்லாமல் குழுவில் ஜால்ரா போட உட்காரவைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பாள், பரவாயில்லை.

கீபோர்டு சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாரத்தில் எத்தனை நிமிடம் ஸ்டைல் போடாமல் வாசிக்கவைப்பீர்கள்?" பதில் நிமிடக்கணக்கில் வந்தால் அங்கேயே தொடரட்டும். திரும்பவும் பேக்கேஜ் பேச்சு வந்தால் வேறு ஆசிரியரைப் பாருங்கள். மெட்ரோனோம் என்று ஒரு பெட்டியை விற்கப் பார்ப்பார்கள், அதுவும் வேண்டாம். அவள் கீபோர்டிலேயே அது இருக்கும், போனிலும் இலவசமாகக் கிடைக்கும்.