காசில்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்பு: கேள்வி பதில்

கிழக்கிலங்கையின் வாகரையிலிருந்து ஒரு தாய்: மகள் தரம் 4. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். ரியூசனுக்கு விட வசதியில்லை. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. என்ன செய்யலாம் சேர்?

கடந்தகால வினாத்தாளை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள் தங்கச்சி. முதலாம் பத்திரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 40 வினா, இரண்டாம் பத்திரத்தில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு 60 வினா. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு விடை தெரிந்தாலும் நேரம் காணாது. வாசிப்புத்தான் முதல் வேலை.

தரம் 2 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகம் அவளுக்குக் கடினம். தயங்காமல் தரம் 1 புத்தகத்துக்கு இறங்குங்கள். தடக்கும் எழுத்தையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் கெ, கே, கை, கொ, கோ வரிசையில்தான் பிள்ளைகள் நிற்பார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. அந்தக் குழப்பம் தீர நிறையப் பழக்கம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மெய்யெழுத்தை எடுங்கள். அதன் உயிர்மெய் பன்னிரண்டையும் துண்டுக் கடதாசிகளில் எழுதி, கலைத்துப் போட்டு வாசிக்க விடுங்கள். வரிசையாக மட்டும் சொல்ல வைத்தால் பாட்டுப் போல மனப்பாடமாகிவிடும், எழுத்து மனதில் பதியாது. பிறகு அதே எழுத்துகள் வரும் ஐந்து சொற்களை நீங்கள் சொல்ல, அவள் எழுதட்டும். பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ல, ள, ழ மயக்கத்தைக் கடைசியில் பார்க்கலாம், அது வாசிப்பை மறிக்காது.

கண்ணும் காதும் சரியா என்றும் பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 4 பிள்ளைகளுக்கும் உண்டு. அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தகப்பன்: புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது குறித்த குறைந்தபட்சப் புள்ளிக்கு, மேல் எடுத்தால் மாதக் காசு தானாக வருமா?

வராது. குடும்ப வருமானமும் அந்த வருடம் குறித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். வருமான விபரம் அதிபர் ஊடாகத்தான் போகும், ஆகவே அவர் கேட்கும் திகதிக்கு முன்பே கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கூலி வேலைக்குச் சம்பளத் துண்டு இராது என்பது அவருக்குத் தெரியும், உள்ளதைச் சொன்னால் போதும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் இந்த உதவித்தொகை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது.

நகரப் பாடசாலையில் தரம் 6 அனுமதி என்பது வேறு விடயம், அதற்குப் பாடசாலைக்குப் பாடசாலை வெட்டுப்புள்ளி மாறும். உங்கள் படுவான்கரைப் பக்கத்திலிருந்து தினமும் போய்வரும் பஸ் செலவையும், பிள்ளை வீடு திரும்பும் நேரத்தையும் கணக்குப் பார்க்காமல் மாற்ற வேண்டாம். பக்கத்துப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருந்தால் அங்கேயே விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு அக்கா: தம்பி இந்த வருடம் ஓ.எல். (தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை) எழுதுகிறான். தேசிய அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை.

15 வயது முடிந்ததும் அதிபர் ஊடாக விண்ணப்பிக்கலாம், பரீட்சை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அட்டை பிந்தினால் தபால் அடையாள அட்டை எடுத்து வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். பிறப்பே பதியாத பிள்ளைக்கும் வழி காட்ட வேண்டியவர் அவர்தான்.

நாவிதன்வெளியிலிருந்து ஒரு மாணவி: உயிரியல் பிரிவு படிக்க ஆசை. கொழும்பில் மாமா வீட்டில் நின்று ஏ.எல். (உயர்தரம்) படித்தால் நல்லதா?

அவசரப்பட வேண்டாம் மகள். பல்கலைக்கழகங்களில், கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் எது என்று முடிவாவது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தீர்கள் என்பதை வைத்து. கொழும்புக்கு மாறினால் இந்த மாவட்ட உரிமையைப் பணயம் வைக்கிறீர்கள். கல்முனைப் பக்கம் உயிரியல் பிரிவு உள்ள பாடசாலையை முதலில் விசாரியுங்கள். பாடசாலை மாறினால், விடுகைப் பத்திரத்தில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கிரானிலிருந்து ஒரு தாய்: மகன் ஓ.எல். கணிதத்தில் சித்தியடையவில்லை. வேலைக்குப் போகப் போகிறேன் என்கிறான்.

13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்பாடப் பிரிவில் தரம் 12க்குச் சேரலாம். எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு உண்டு என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அது தூரமென்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பயிற்சி இருக்கிறது. சேர முன்னர், முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, வெறும் பங்குபற்றல் சான்றிதழா என்று கேட்க மறக்க வேண்டாம்.

பொத்துவிலிலிருந்து ஒரு தகப்பன்: மகளுக்குக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்திருக்கிறது. மகாபொல புலமைப்பரிசில் காசு வரும் வரை எப்படிச் சமாளிப்பது?

2025இல் மகாபொல மாதக் காசு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மாணவர் உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் கூடின. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். முதலாம் வருடத்தில் காசு பிந்தித்தான் வரும், சில மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். விடுதிக்கு உடனே விண்ணப்பியுங்கள், வெளியில் அறை எடுத்தால் உதவித்தொகையில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடும். எல்லாவற்றுக்கும் முதல், பதிவுக்கான கடைசித் திகதியைப் பாருங்கள். அது தவறினால் கிடைத்த இடமே போய்விடும்.