சார்ட்டை வரைந்தது யார்?

கேள்வி: பி.எட். படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போக ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பு சொல்பேச்சே கேட்பதில்லை. வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறார். அதைப் பார்த்தாலே குரல் நடுங்குகிறது. அம்மா ராத்திரி ஒரு மணி வரை விழித்து சார்ட் எல்லாம் அழகாக வரைந்து தருகிறார், அப்படியும் பிள்ளைகள் கவனிப்பதில்லை. இதயம் பாடம் எடுத்தபோது ஒரு பையன், "படத்துல இடது பக்கம் இருக்கறதுக்கு வலதுன்னு எழுதியிருக்கே மிஸ்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டான். அதட்டி உட்கார வைத்தேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

பதில்: லாயக்கா இல்லையா என்பதை இரண்டு வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. குரல் நடுக்கத்தைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் எழுதும் கடிதம் எல்லாவற்றிலும் குரல் நடுங்கத்தான் செய்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. சார்ட்டை அம்மா வரைகிறாராம்! ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கிறவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்? கடிதத்தில் அது இல்லை. உங்களுக்காவது தெரியுமா? பெற்றவர்கள் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், கடன்கூட வாங்கலாம். பிள்ளையின் வேலையை அவர்கள் செய்யக்கூடாது. ஆசையில் அவர்களே செய்ய வந்தாலும், வளர்ந்த பிள்ளை "நீ போய்ப் படும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பையனுக்கு வருவோம். அவன் கேட்டது கிண்டல் இல்லை, அந்தப் பாடத்திலேயே நல்ல கேள்வி. இதயப் படத்தை, நமக்கு எதிரே ஒருவர் நிற்பதுபோல வைத்துத்தான் வரைகிறார்கள். அவருடைய வலது பக்கம் நமக்கு இடது பக்கமாகத் தெரியும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒரு மாணவனை எதிரே நிற்க வைத்துக் காட்டியிருந்தால் சிரித்த வகுப்பு மொத்தமும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். உங்களால் ஏன் முடியவில்லை? அந்தப் படத்தை நீங்கள் வரையவில்லை. பென்சிலை எடுத்திருந்தால் 'வலது' என்று எழுதும் இடத்தில் உங்கள் கையே நின்றிருக்கும். அவன் கேட்ட கேள்வி முதல் நாள் ராத்திரியே உங்களுக்கு வந்திருக்கும். இடது கீழறையின் சுவரை மட்டும் ஏன் தடிமனாகப் போடுகிறோம் என்றும் யோசித்திருப்பீர்கள். வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளினால் போதும், இடதுதான் உடம்பு முழுக்கத் தள்ளியாக வேண்டும். இந்த யோசனையெல்லாம் உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும். பாவம், அவருக்கு வகுப்பு இல்லை.

வகுப்பு அடங்கவில்லை என்கிறீர்கள். பாடம் கையில் இல்லாதவருக்கு அதட்டல் ஒன்றுதான் மிச்சம், அது எத்தனை நாளைக்கு வரும்? வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கர், ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, அவர்களே கேள்வி கேட்பதும் கூடுகிறது. பிள்ளை பேசி முடித்த பிறகு காத்திருப்பதற்கும் இது பொருந்தும். நீங்கள் அந்தப் பையனுக்கு ஒரு நொடியாவது கொடுத்தீர்களா?

உங்களுக்கு இது பயிற்சிக் காலம். அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, ஏழாம் வகுப்பு இதயப் பாடம் அவர்களுக்கு ஒரே ஒரு முறைதான். அதனால் நாளைக்கு முதல் வேலையாக அவன் கேள்வியை அவன் பெயரைச் சொல்லி எடுங்கள். பெயர் தெரியாவிட்டால் (கடிதம் முழுக்க 'ஒரு பையன்'தான்) இன்றைக்கே வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பதிலைச் சொல்லிவிட்டு, அதட்டியது தப்பு என்பதையும் வகுப்பு முன்னாலேயே சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், அடுத்த சார்ட் நீங்கள் வரைந்ததாக இருக்கட்டும். கோணலாக வரும், வரட்டும். முந்தைய சார்ட்டுகள் மட்டும் எப்படி அவ்வளவு அழகாக இருந்தன என்று வழிகாட்டி ஆசிரியை கேட்பார். அம்மா வரைந்தார் என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும்.